பலூன்காரரின் மூச்சு

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் என் தையல் மெஷினும் சௌக்கியமாக இருக்கிறோம், மூன்று பேரில் மெஷினுக்கு மட்டும்தான் முழங்கால் வலி இல்லை. அங்கே நீயும் உன் இருமலும் எப்படி இருக்கிறீர்கள், இருமல் பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டதா, இல்லை வாடகையில் பங்கு கொடுக்காமல் இன்னும் உன் அறையிலேயே குடியிருக்கிறதா என்று சொல். போன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதத்தைத் தேடி எடுத்தாள் என்று நினைப்பாய். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும், படிப்பு என் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனதுதானே, நீதான் நிதானமாக எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டும். போனில் சொல்ல முடியாத காரணம் ஒன்று இருக்கிறது, வரிசையாக வருகிறேன். அதற்கு முன்னால் மானம் போன விஷயத்தைச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன், வேறு யாராவது கை கால் ஒட்டவைத்துச் சொல்லி நீ கேட்பதைவிட நானே சொல்வது மேல். தெருவில் இருக்கிற அத்தனை பேரையும் பயந்தாங்கொள்ளி என்று கேலி பண்ணுகிற உன் அம்மா, போன வாரம் ஒரு சாயங்காலம் நம் தெருக்கோடிப் பார்க்கில் பேயின் குரலைக் கேட்டு, வாயைக் கையால் பொத்திக்கொண்டு, ஒரு செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடி வந்தாள். இடது கால் செருப்பு. புதுசு, காலைக் கடிப்பதைக்கூட இன்னும் நிறுத்தவில்லை.

பேய் என்றால் புதுப் பேய் இல்லை, நீ சின்ன வயதில் கேட்ட அதே பலூன்காரர்தான். உனக்கு மறந்திருந்தால் மறுபடி கேட்டுக்கொள், ஆளுக்கொரு மாதிரி சொல்கிறார்கள், என்னுடையது கொஞ்சம் நன்றாக இருக்கும். ஒரு காலத்தில் பார்க் வாசலில் ஒருவர் பலூன் விற்றாராம், பம்பு கிம்பு ஒன்றும் கிடையாது, எல்லாம் வாயால் ஊதுவதுதான். ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து எனக்கு எனக்கு என்று நிற்க, மனுஷர் எல்லாருக்கும் ஊதிக் கொடுத்துக் கடைசி பலூனுக்கு மூச்சு பற்றாமல், நீரூற்றுக்குப் பின்னால் இருக்கிற மோட்டார் அறை வாசலில் உட்கார்ந்தாராம். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். அதிலிருந்து தன் மூச்சைத் தேடிக்கொண்டு அங்கேயே இருக்கிறாராம், யார் வாயைத் திறந்துகொண்டு அந்தப் பக்கம் போனாலும் அவர்கள் மூச்சை வாங்கிக்கொள்வாராம். அப்படி ஒருவர் நிஜமாகவே இருந்தாரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது, பேயிடம் போய் யார் அடையாள அட்டை கேட்பது. நீரூற்று வற்றி மோட்டாரும் துருப்பிடித்த பிறகு கதையும் அப்படியே துருப்பிடித்துக் கிடந்தது.

இப்போது என்னவென்றால், கொஞ்ச நாளாகச் சாயங்காலத்தில் மோட்டார் அறைப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வருகிறது, பலூன் வாயை இழுத்துப் பிடித்துக் காற்றை விட்டால் புர்ரென்று வருமே, அது மாதிரி, ஆனால் ஈரமாக, விட்டு விட்டு. முதலில் வந்து சொன்னது மாடி வீட்டு அக்கா. பாவாடையில் ஜிப் மாற்றக் கொண்டுவந்தவர் ஜிப்பை மறந்துவிட்டுப் பேயைப் பற்றியே பேசினார், என் காதால கேட்டேன், பலூன்காரன் திரும்பி வந்துட்டான் என்று. நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அக்கா மூச்சு விடாமல் பேசுவதைப் பார்த்ததும் நாக்கு அரித்தது, ஆமாக்கா, நானும் கேள்விப்பட்டேன், ரொம்பப் பேசறவங்களத்தான் அவர் மொதல்ல பிடிப்பாராம் என்று சொல்லிவைத்தேன். அக்கா அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு போனார், அந்த மட்டும் லாபம் என்று நினைத்தேன். இரண்டு நாளில் அதே கதை, கொசுவம் வைத்துக் குஞ்சம் கட்டி, வேறு ஒருத்தி வாய் வழியாக என்னிடமே திரும்பி வந்தது. நான் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து அது எங்கே வாங்கியது தெரியுமா என்று என்னிடமே கேட்ட மாதிரி இருந்தது. பிள்ளைகள் எல்லாம் இப்போது நீரூற்றைத் தாண்டும்போது வாயைப் பொத்திக்கொண்டுதான் ஓடுகின்றன.

எனக்குப் பேய் மேல் நம்பிக்கை கிடையாது, மனுஷர் மேல்தான் சந்தேகம். முதல் சந்தேகம் பார்க் காவல்காரர் மேல் விழுந்தது. எதைப் பார்த்தாலும் பூட்டுவார் என்பதால் நான் பூட்டு என்று பெயர் வைத்தேனே, அவர்தான். முன்பெல்லாம் பேய் கீய் என்று யாராவது சொன்னால் போய் வேலையைப் பாருங்க என்று விரட்டுகிறவர், இப்போது அவரே, அந்தப் பக்கம் போகாதீங்க, எனக்கே சரியாப் படல என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிறார். மோட்டார் அறைக்குப் போகிற பாதையில் கயிறு வேறு கட்டியிருக்கிறார். காவல்காரர் எதற்குப் பேயைக் காவல் காக்க வேண்டும் சொல், மடியில் கனம் இல்லாதவருக்கு வழியில் எதற்குக் கயிறு. உள்ளே பாய் விரித்துத் தூங்குகிறார், அந்தச் சத்தம் அவர் குறட்டை என்று தீர்மானம் பண்ணி வைத்திருந்தேன். ஆனால் அவர் வாசலில் என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து சத்தம் வந்ததும் அந்தத் தீர்மானம் செத்துப்போனது.

இரண்டாவது சந்தேகம் உன் அப்பா மேல். உனக்கு அவர் நிலைமை தெரியும், ஆனாலும் எனக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும். ஊரே கேட்ட குரல் அது. பேருந்து நிலையத்தில் மைக்கைப் பிடித்தார் என்றால் தூங்குகிறவன் எழுந்து சரியான பஸ்ஸில் ஏறி மறுபடி தூங்குவான். ஆபரேஷனில் குரல்வளையை எடுத்த பிறகு கழுத்தில் ஒரு ஓட்டை, அதன் மேல் ஒரு துணி, மடியில் ஒரு சிலேட்டு. இப்போதெல்லாம் எங்கள் சண்டை சீக்கிரம் முடிந்துவிடுகிறது, அவர் எழுதியதை நான் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் இரண்டு பேருக்கும் கோபம் ஆறிவிடுகிறது. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண், காற்றை விழுங்கி அதை ஏப்பமாக மேலே கொண்டுவந்து அதிலேயே பேசலாம், பலபேர் பேசுகிறார்கள் என்று சொன்னாள். இரண்டு தடவை போனார், பிறகு சிலேட்டில் முடியாது என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டார். நீ அனுப்பிய, தொண்டையில் வைத்துப் பேசுகிற மெஷினும் டப்பாவிலேயே இருக்கிறது. ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட்டு, இது என் குரல் இல்லை, மிக்ஸி குரல் என்று எழுதினார். உன் போன் மணி அடித்தாலே துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுகிறார். போன தடவை நீ கேட்டாய் இல்லையா, பேச முடியாட்டி என்னம்மா, நான் பேசறதக் கேக்கலாமில்ல, ஆபரேஷனுக்கு நான் வரலன்னு கோபமா என்று. அன்றைக்கு அவர் வாசற்படியில்தான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார், நம் வீடு இருக்கிற அகலத்துக்கு நீ பேசுவதே அவருக்குக் கேட்டிருக்கும், அதனால் அதெல்லாம் ஒண்ணுமில்ல என்று சொல்லி மழுப்பினேன். நீ நம்பவில்லை. நீ பேசாமல் இருந்தது எனக்கு நன்றாகவே கேட்டது.

அவர் நடவடிக்கையோ நாளுக்கு நாள் மோசமானது. சாயங்காலம் ஆனால் தலை வாரிக்கொண்டு கிளம்புகிறார். எங்கே என்றால் சிலேட்டில் நடை என்று ஒரே சொல். அடுத்த நிறுத்தத்துக்கே பஸ் ஏறிப் போனவருக்கு இந்த வயதில் என்ன நடை. திரும்பி வரும்போது முகம் சிவந்து, கண் கலங்கி, வயிறு உப்பி, ராச்சாப்பாடு வேண்டாம் என்று கையைக் காட்டுகிறார். சட்டையைத் துவைக்க எடுத்தால் பையில் சோடா மூடி. நான் மூடியை மெஷின் மேல் அவர் கண்ணில் படுகிற மாதிரி வைத்தேன், அவர் அதை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். டாக்டர் கூடாது என்று சொன்ன எண்ணெய்ப் பலகாரத்தை எங்கேயோ ஒளிந்து தின்றுவிட்டுச் சோடா குடித்துச் செரிக்க வைக்கிறார் என்று நினைத்தேன். தலை வாருவதைப் பார்த்துவிட்டு வேறு ஒன்றும் நினைத்தேன், அதைப் பெற்ற பெண்ணிடம் எழுத முடியாது.

அதனால் போன வாரம், தைத்த பேண்ட் ஒன்றை யாருக்கோ கொடுக்கப் போகிற மாதிரி கையில் மடித்து வைத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன். அவர் பார்க்குக்குள் போனார். பூட்டு அவரைப் பார்த்துத் தலையாட்டினார். நீரூற்றைச் சுற்றிக்கொண்டு போனவர் அப்புறம் காணோம். நான் கயிற்றைத் தாண்டி நாலடி வைத்தேன், அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. புர்ரென்று இல்லை பாப்பா. கிட்டே போய்க் கேட்டால் அது ஒரு சொல். ஈரமாக, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, பா என்றது, கொஞ்சம் நின்றது, ப்பா என்றது. மறுபடியும் பா, ப்பா. மூச்சு இல்லாதவர், மூச்சு கேட்கிறவர், உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், நீயோ கடல் தாண்டி இருமிக்கொண்டு கிடக்கிறாய். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன், அன்றைக்கு அது ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அந்தச் சாயங்காலம் நான் திடீரென்று போன் பண்ணி, மூச்சு நல்லா விட முடியுதா, நெஞ்சு இறுக்கமா இருக்கா என்று திரும்பத் திரும்பக் கேட்டு உனக்கு எரிச்சல் மூட்டினேனே, என்னம்மா ஆச்சு உனக்கு என்று திட்டினாயே, அது இதனால்தான். ஒரு கால் செருப்போடு நின்றுதான் பேசினேன்.

மறுநாள் செருப்பை எடுக்கப் போனேன், பேய் இருந்தாலும் புதுச் செருப்பு புதுச் செருப்புதானே. இடத்தில் இல்லை. பூட்டின் அறையில் நாற்காலிக்கு அடியில் இருந்தது. கேட்டதும் எடுத்துத் துடைத்துக் கொடுத்துவிட்டு, உங்களோடதுன்னு தெரியும் அண்ணி, அண்ணன் கண்ணுல பட்டுடக் கூடாதேன்னுதான் எடுத்து வச்சேன் என்றார். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அண்ணன் எதற்கு மோட்டார் அறை வாசலைப் பார்க்கப் போகிறார் என்று நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் நான் எழுந்திருக்க மாட்டேன் என்று அவருக்கும் தெரியும். முழுப் பூசணிக்காயை எத்தனை நேரம்தான் மறைப்பார், கடைசியில், நாளைக்கு வாங்க அண்ணி, தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி உக்காருங்க, இருமாதீங்க, தும்மாதீங்க, முக்கியமாப் பேசாதீங்க என்றார். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆக வேண்டும் என்பார்கள், நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

உள்ளே உன் அப்பா துருப்பிடித்த மோட்டார் மேல் உட்கார்ந்திருந்தார். அறை வாசலை ஒட்டிய தொட்டிக்குப் பின்னாலிருந்தே கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். சோடாவை ஒரு மிடறு குடிக்கிறார். மாத்திரை விழுங்குகிற மாதிரி காற்றை விழுங்குகிறார். கழுத்து நரம்பு புடைக்க அதை மேலே கொண்டுவருகிறார், வருவதற்குள் பாதி வழியில் செத்துவிடுகிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி விழுங்குகிறார். பா. டா. கா. குழந்தைக்கு முதலில் எது வருமோ அதுதான் இவருக்கும் முதலில் வருகிறது. வெறும் ஏப்பம் மட்டும் வந்தால் யாரிடமோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி நெஞ்சைத் தொட்டுக்கொள்கிறார். அப்புறம் முதுகை நிமிர்த்திக்கொண்டார், பேருந்து நிலையத்தில் மைக்கைத் தட்டிப் பார்ப்பதற்கு முன்னால் நிமிர்வாரே, அப்படி. பாப்பா, சாப்பிட்டியா என்றார். அந்தக் குரலைக் கேட்டு ஒரு பஸ்ஸும் கிளம்பாது. ஆனால் கடைசியில் கொஞ்சம் இழுத்தார் பார், கடைசி வண்டியை அறிவிக்கும்போது யாரும் விட்டுப்போகக் கூடாது என்று இழுப்பாரே, அந்த இழுப்பு அப்படியே இருந்தது. அதை யாரும் வெட்டி எடுக்கவில்லை. நான் பேசவில்லை. நம்பாவிட்டால் பூட்டைக் கேள்.

வீட்டிலேயே பழகியிருக்கலாமே என்று பூட்டிடம் கேட்டேன், அதையும் உன் அப்பா சிலேட்டில் எழுதிக் காட்டியிருக்கிறாராம், அவ கேட்டா பட்டப்பேர் வச்சிடுவா என்று. எனக்குக் கொஞ்சம் ரோஷமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்போதே எனக்கு நல்ல பெயராக ஒன்று தோன்றிவிட்டது, அதை நான் சாகும்வரை யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆக, அவருக்கு உன் மேல் கோபம் இல்லை பாப்பா. நீ பேசுவதைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்க அவருக்கு மனம் இல்லை, பேசினால்தான் பேச்சு என்று பிடிவாதமாக இருக்கிறார். அவர் அன்றாடம் பேய் வேஷம் போடுவது உனக்காகத்தான்.

இதற்கு நடுவில் இன்னொரு வம்பு. நான் பற்றவைத்த நெருப்பு நன்றாகவே பிடித்துக்கொண்டது. மாடி வீட்டு அக்கா தலைமையில் தெருக்காரர்கள் பார்க்கில் கூட்டம் போட்டு, மோட்டார் அறையை இடிக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கப் போவதாகப் பேச்சு. நான் எந்தக் கூட்டத்துக்கும் போகாதவள், அன்றைக்கு முன்வரிசையில் உட்கார்ந்தேன். இடிக்கலாம், தாராளமா இடிக்கலாம், ஆனா இத்தனை வருஷம் ஒரே எடத்துல இருந்தவரக் கிளப்பிவிட்டா அவர் எங்க போவாரு, பகல்ல ஆளில்லாத வீடாப் பாத்துத்தானே போவாரு என்றேன். சொல்லிவிட்டு, பகலெல்லாம் வீட்டைப் பூட்டிவிட்டு வம்பளக்கப் போகிற மாடி வீட்டு அக்காவை மட்டும் ஒரு பார்வை பார்த்தேன். அக்காதான் முதலில், சரி விடுங்க, அவர் பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும் என்றார். இப்போது ஒரு ஈ காக்காய்கூட நீரூற்றைத் தாண்டுவது இல்லை. நான் தினமும் கதையில் ஒரு தையல் போட்டு வைக்கிறேன், பிரிந்துவிடாமல் இருக்க. பூட்டு கயிற்றைப் பார்த்துக்கொள்கிறார். எனக்குத் தெரியும் என்று உன் அப்பாவுக்குத் தெரியாது, உனக்குத் தெரியும் என்றும் தெரியக் கூடாது.

இப்போது நீ செய்ய வேண்டியது. வருகிற ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது போனை அவர் எடுப்பார். எடுத்ததும் சத்தம் ஒன்றும் வராது. ஹலோ ஹலோ என்று கத்தாதே, காற்று உள்ளே போகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், காத்திரு. மிடறு விழுங்குகிற சத்தம் கேட்கும், அதற்கும் ஒன்றும் சொல்லாதே. அப்புறம் வருகிற குரல் உனக்குத் தெரியாத குரலாக இருக்கும். யார் பேசறது என்று மட்டும் கேட்டுவிடாதே பாப்பா, உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், அந்த ஒரு கேள்வி கேட்டால் மனுஷர் மறுபடி சிலேட்டை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார். கடைசி இழுப்பைக் கவனி, அது தெரிந்துவிடும். கஷ்டப்படாதீங்கப்பா, பேசாதீங்கப்பா என்றும் சொல்லாதே. அழாதே, அழுதால் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அழு. நேற்றுக்கூடப் பேசின மாதிரி, சாப்பிட்டேம்பா என்று பதில் சொல். பொய் சொல்ல வேண்டாம், அதற்கு முன்னாலேயே சாப்பிட்டுவிடு. பிஸ்கெட்டைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்காதே.

இருமலுக்கு வெந்நீர் குடி, ஈரத் தலையோடு வெளியே போகாதே, கறுப்பு பேண்ட்டில் கீழ் மடிப்பு பிரிந்திருந்தால் பின்னைக் குத்திக்கொண்டு திரியாதே, ஒரு ஊசியும் நூலும் வாங்கு, தையல்காரியின் மகளா இப்படி என்று யாராவது கேட்டால் எனக்குத்தான் கேவலம். நீ மூச்சு முட்ட சந்தோஷமாக இருக்க வேண்டும், ஆயுசுக்கும் உன் குரலும் உன் மூச்சும் உன்னிடமே இருக்க வேண்டும். இந்தக் காகிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு, போனில் இதைப் பற்றி மூச்சு விடாதே. யார் பேசறது என்று கேட்காதே.

இப்படிக்கு,
இரண்டு செருப்பும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்
உன் அம்மா

பின்குறிப்பு: இதை ஒட்டுவதற்குள் இன்று மத்தியானம் போன் அடித்தது. நான் மெஷினில் இருந்தேன். உன் அப்பா வெளியே போகவில்லை, எழுந்து போய் எடுத்தார். நிமிர்ந்து நின்றார். காற்றை விழுங்கினார். பாப்பா, சாப்பிட்டியா என்று கேட்டார். நன்றாக வந்தது, இழுப்பும் சரியாக இருந்தது. பேசியது தண்ணீர் சுத்தம் பண்ணுகிற மெஷின் விற்கிற கம்பெனிப் பெண். நம் போனில் அந்தப் பக்கம் பேசுவது தெரு வரைக்கும் கேட்கும். சாப்பிட்டேன் சார், நீங்க சாப்பிட்டீங்களா என்றாள். பிறகு அந்த மெஷினைப் பற்றி முழுவதும் சொன்னாள். உன் அப்பா முழுவதும் கேட்டார். வேண்டாம் என்ற சொல்லை அவர் இன்னும் பழகவில்லை. புதன்கிழமை அனுப்பட்டுமா சார் என்று கேட்டாள். போனை வைக்கும்போது உன்னிடம் சொல்வதற்காக டாட்டா பழகி வைத்திருந்தார், அதைச் சொன்னார். நான் தையலை விட்டுத் தலை நிமிரவில்லை. புதன்கிழமை மெஷின் வருகிறது.